கவசம் எங்கே இல்லை? பேட்டில்ஷிப்களின் எடைக் கணக்கும் அவற்றின் கதையும்

கடற்படையில் இருக்கும் எந்தக் கப்பலையும் தமிழில் போர்க்கப்பல் என்றே எழுதிவிடுகிறோம். ரோந்து போகும் சின்னக் கப்பலுக்கும் அதே சொல், விமானந்தாங்கிக்கும் அதே சொல். அதனால் பேட்டில்ஷிப் பற்றிய பேச்சு வரும்போது குழப்பம் வருகிறது. அது தனி வகையா? அவ்வளவு தடித்த எஃகு போர்த்திய கப்பல்கள் ஏன் மறைந்துபோயின? இன்றைய ஏவுகணை அந்தக் கவசத்தைத் துளைக்குமா? துளைக்காது என்றால் மறுபடியும் ஏன் கட்டக் கூடாது?

இவற்றுக்குப் பதில் சொல்ல, கவசம் எங்கே இருந்தது என்பதோடு எங்கே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கப்பல்களின் முடிவுகளில் பல, கவசம் இல்லாத இடத்தில்தான் தொடங்கின.

எது பேட்டில்ஷிப்?

இரண்டு தகுதிகள் வேண்டும். அந்தக் காலத்தின் மிகப் பெரிய பீரங்கிகளைச் சுமக்க வேண்டும். அதே அளவு பீரங்கியால் எதிரி சுட்டால், சண்டை நடக்கும் தூரத்தில் அதைத் தாங்கவும் வேண்டும். இரண்டாவதுதான் இந்த வகையின் உயிர்நாடி. வடிவமைப்பாளர்கள் வைத்திருந்த பொது அளவுகோலும் அதுவே: தன் குண்டைத் தானே தாங்க வேண்டும்.

பெரிய பீரங்கி இருந்து கவசம் குறைந்து, அந்த எடையை வேகத்துக்குக் கொடுத்தால் அது பேட்டில்குரூசர். பீரங்கியும் கவசமும் நடுத்தரம் என்றால் குரூசர். டெஸ்ட்ராயருக்குக் கவசம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அதன் பக்கத்தகடு ஒரு விரல் தடிமன்கூட இருக்காது. ஐயோவா வகை பேட்டில்ஷிப்பின் பக்கவாட்டுக் கவசம் 307 மில்லிமீட்டர், அதாவது ஒரு முழு அடி எஃகு.

மரத்திலிருந்து இரும்புக்கு

1853இல் சினோப் துறைமுகத்தில் நின்ற உஸ்மானியர்களின் மரக்கப்பல்களை ரஷ்யக் கடற்படை அழித்தது. அதுவரை கப்பல்கள் பெரும்பாலும் கெட்டி இரும்புக் குண்டால்தான் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. மரம் அதை ஓரளவு தாங்கும். விழுந்த ஓட்டையை அடைத்துவிடலாம். உள்ளே புகுந்து வெடிக்கும் குண்டு வேறு விஷயம். அது மரக்கப்பலைக் கொளுத்திவிடும்.

சில ஆண்டுகளில் பதில் வந்தது. பிரான்ஸ் 1859இல் மர உடலுக்கு மேல் இரும்புத் தகடு போர்த்திய குளுவார் கப்பலை நீரில் இறக்கியது. அடுத்த ஆண்டே பிரிட்டன், உடலையே இரும்பில் கட்டிய வாரியரை இறக்கியது.

வாரியர் இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் மிதக்கிறது. அதன் கவசத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். வெளியே 114 மில்லிமீட்டர் தேனிரும்பு. அதற்குப் பின்னால் 46 சென்டிமீட்டர் தேக்கு. இரும்புக்குப் பின்னால் மரம் எதற்கு? குண்டு மோதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான். தேக்கு இல்லாவிட்டால் அந்த அதிர்ச்சி நேராகக் கப்பலின் சட்டத்துக்கும் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கும் போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கப்பலின் நீளம் 128 மீட்டர்; கவசம் இருந்ததோ நடுவில் 65 மீட்டருக்கு மட்டும். இரு முனைகளிலும் கனத்தைச் சேர்த்தால் கப்பல் அலைமேல் ஏறாமல் அலைக்குள் முட்டிக்கொண்டு போகும். அதனால் பீரங்கியும் இயந்திரமும் உள்ள நடுப்பகுதிக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். பின்முனையில் இருந்த சுக்கான் இயக்கம் கவசத்துக்கு வெளியே நின்றது. இந்தச் சுக்கானுக்கு அப்புறம் வருவோம்.

1862 மார்ச்சில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஹாம்ப்டன் ரோட்ஸில் இரண்டு கவசக் கப்பல்கள் முதன்முறையாக மோதின. தெற்கின் வர்ஜீனியா முதல் நாள் இரண்டு மரக்கப்பல்களை அழித்திருந்தது. மறுநாள் வடக்கின் மானிட்டர் அதை எதிர்கொண்டது. மணிக்கணக்கில் கிட்ட நின்று சுட்டும் ஒன்றை ஒன்று மூழ்கடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பீரங்கிக்கும் தகட்டுக்கும் ஓட்டப்பந்தயம். பீரங்கி பெருத்தது, தகடு தடித்தது. 1876இல் நீரில் இறங்கிய பிரிட்டனின் இன்ஃப்ளெக்சிபிள் கப்பலில் சில இடங்களில் 610 மில்லிமீட்டர் இரும்பு. பேட்டில்ஷிப்களின் பக்கவாட்டுக் கவசத்தில் உச்சம் அதுதான். ஆனால் அவ்வளவு தடித்த தகட்டை நடுவில் ஒரு சின்னக் கோட்டையாக மட்டுமே வைக்க முடிந்தது. தடிமன் கூடக்கூடப் பரப்பு சுருங்கியது.

எஃகு கற்றுக்கொண்ட இரட்டைக் குணம்

இந்தச் சிக்கலைத் தளர்த்தியது உலோகவியல். கவசத் தகட்டிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்கள். மோதும் குண்டின் மூக்கை நொறுக்கும் கடினம் வேண்டும். ஆனால் கடினமான எஃகு கண்ணாடி போல விரிசல் விடும். விரிசல் விடாத எஃகோ மென்மையானது. குண்டு அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

1890களில் வழி கிடைத்தது. ஹார்வி முறையில் தகட்டின் ஒரு முகத்தில் கரியைப் பொதிந்து இரண்டு மூன்று வாரம் உலையில் வைத்தார்கள். அந்த முகம் மட்டும் கார்பனை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு நீரால் திடீரென்று குளிர்விக்க, முன்முகம் கடினமாகும், பின்பக்கம் இளக்கமாகவே நிற்கும். ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் நிக்கலோடு குரோமியமும் கலந்து இதை இன்னும் மேம்படுத்தியது. 15 அங்குலத் தேனிரும்பு தந்த பாதுகாப்பை ஏறத்தாழ 6 அங்குல க்ரூப் எஃகு தந்தது.

மிச்சமான எடையை இன்னும் நீளமான பக்கவாட்டுப் பட்டைக்கும் மேல்தளத்துக்கும் பீரங்கிக் கூண்டுகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். பேட்டில்ஷிப்புக்கு நாம் அறிந்த உருவம் கிடைத்ததில் பீரங்கியைவிட இந்த உலைக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கருத்து.

1906இல் வந்த பிரிட்டனின் ட்ரெட்நாட் அந்த உருவத்தை முழுமையாக்கியது. அதற்கு முந்தைய கப்பல்களில் பொதுவாக நான்கு பெரிய பீரங்கிகளும் பல அளவுகளில் சிறியவையும் இருக்கும். எட்ட இருந்து சுடும்போது நீரில் எழும் தெறிப்பைப் பார்த்துத்தான் குறியைத் திருத்துவார்கள். பல அளவுக் குண்டுகள் கலந்து விழுந்தால் எந்தத் தெறிப்பு எந்தப் பீரங்கியுடையது என்று பிரித்தறிவது கடினம். ட்ரெட்நாட்டில் ஒரே அளவில் பத்து 12 அங்குலப் பீரங்கிகள். நீராவி டர்பைனால் 21 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்). அதுவரை கட்டிய கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன.

எடைக் கணக்கு

கப்பல் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கித்தான் மிதக்கிறது. ஆகவே ஒரு கப்பலுக்கு இத்தனை டன் என்று முடிவானதும், அதற்குள் எல்லோரும் பங்கு கேட்கிறார்கள்.

1. பீரங்கி. குழாயின் எடை மட்டும் இல்லை. சுழலும் கூண்டு, அதன் கவசம், குண்டைத் தூக்கித் தரும் பொறிகள் எல்லாம் சேரும். ஜப்பானின் யமாட்டோவில் மூன்று பீரங்கிகள் கொண்ட ஒரு கூண்டு மட்டுமே சுமார் 2,500 டன். அன்றைய ஒரு டெஸ்ட்ராயரின் எடை அது.

2. கவசம். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில கப்பல்களில் அதற்கும் மேல்.

3. வேகம். பங்கு கேட்பதில் கொடியது இதுதான். தேவைப்படும் திறன், தோராயமாக, வேகத்தின் மும்மடியாக ஏறும்.

4. தூரம். எரிபொருள் எடையும் அதைச் சேமிக்கும் இடமும்.

5. நிலைப்பு. எடை எவ்வளவு என்பதோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

ஐந்தாவதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் கேப்டன் என்ற கப்பல் சாட்சி. சுழலும் கூண்டுகளோடு முழுப் பாய்மரங்களையும் சுமந்தது. கட்டும்போதே எடை கூடிப்போனதால், மேல்தளம் நீரிலிருந்து திட்டமிட்டதைவிடத் தாழ்வாக நின்றது. 1870 செப்டம்பர் 7 அன்று புயல் காற்றில் கவிழ்ந்தது. ஏறத்தாழ 500 பேர் இறந்தார்கள். அந்த வடிவத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடிய கூப்பர் கோல்ஸும் அதே கப்பலில் இருந்தார், அவரும் பிழைக்கவில்லை.

மூன்றாவதற்கு அமெரிக்காவின் இரண்டு வகைகளை ஒப்பிட்டாலே போதும். சவுத் டகோட்டா வகை 35,000 டன்; ஐயோவா வகை 45,000 டன். இரண்டிலும் ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகள், ஐயோவாவில் குழாய் கொஞ்சம் நீளம். பக்கவாட்டுக் கவசத் தடிமன் கிட்டத்தட்ட ஒன்றே. அப்படியானால் கூடுதல் 10,000 டன் எங்கே போயிற்று? பெரும்பகுதி வேகத்துக்கு. 27.5 நாட்டிலிருந்து 33 நாட்டுக்குப் போக, 1,30,000 குதிரைத்திறன் 2,12,000 ஆயிற்று. நீளம் 207 மீட்டரிலிருந்து 270 மீட்டர் ஆயிற்று. விமானந்தாங்கிகளோடு சேர்ந்து ஓடுவதற்கு அந்த ஐந்தரை நாட் தேவைப்பட்டது.

எடைக்கு மேலே இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. பனாமா கால்வாயின் மதகுகள் அன்று 33.5 மீட்டர் அகலம். ஐயோவாவின் அகலம் 33 மீட்டருக்கு ஒரு சில சென்டிமீட்டர் குறைவு. கால்வாயைக் கடக்கும்போது பக்கத்துக்கு ஒரு அடிகூட இடைவெளி கிடையாது. யமாட்டோவுக்கு அந்தக் கவலை இல்லை, 38.9 மீட்டர் அகலத்துக்கு விரிந்தது.

வேகத்தைக் கவசமாக நம்பியவர்கள்

ட்ரெட்நாட்டுக்குப் பின்னால் இருந்த பிரிட்டிஷ் தளபதி ஃபிஷர், வேகமே பாதுகாப்பு என்று நம்பினார். தன்னைவிட வலியதிடமிருந்து ஓடிவிடலாம், தன்னைவிட எளியதைத் துரத்திப் பிடிக்கலாம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் பேட்டில்குரூசர். காகிதத்தில் குறை சொல்ல முடியாத யோசனை. ஆனால் பெரிய பீரங்கி உள்ள கப்பலை, பெரும்போர் மூளும் நாளில், எந்தத் தளபதியும் ஓரமாக நிறுத்தி வைக்கமாட்டார்.

1916 மே 31, முதல் உலகப் போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாந்து கடற்சண்டை. இன்டிஃபேடிகபிள், குவீன் மேரி, இன்வின்சிபிள் ஆகிய மூன்று பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்கள் ஒரே நாளில் வெடித்துச் சிதறின. மூன்றிலும் சேர்ந்து 3,300 பேர் இறந்தார்கள். இன்டிஃபேடிகபிளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் இரண்டே பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

கவசம் மெலிந்திருந்ததுதான் காரணம் என்று நெடுநாள் சொல்லப்பட்டது. இன்டிஃபேடிகபிளின் பக்கக் கவசம் 152 மில்லிமீட்டர். அன்றைய பிரிட்டிஷ் பேட்டில்ஷிப் அயர்ன் டியூக்கில் அது 305. ஆனால் அது பாதிக் காரணம்தான். வேகமாகச் சுட வேண்டும் என்பதற்காக வெடிமருந்துப் பொதிகளைக் கூண்டிலும் வழியிலும் குவித்து வைத்திருந்தார்கள். தீ பரவாமல் தடுக்கும் கதவுகளைத் திறந்தே விட்டிருந்தார்கள். கூண்டில் பிடித்த தீ, அடியில் உள்ள வெடிமருந்துக் கிடங்கு வரை ஓடியது. அதே நாளில் லயன் கப்பலின் கூண்டும் அடிபட்டது. படுகாயமடைந்திருந்த மேஜர் ஃபிரான்சிஸ் ஹார்வி, கிடங்கில் நீரைப் பாய்ச்ச உத்தரவிட்டுவிட்டு இறந்தார். கப்பல் தப்பியது. ஜெர்மானியர்கள் இந்தப் பாடத்தை முந்தைய ஆண்டு டாகர் பேங்க் சண்டையிலேயே, செய்ட்லிட்ஸ் கப்பலின் பின்கூண்டுகள் எரிந்தபோது கற்றிருந்தார்கள்.

முழுதாக, இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்

கிட்ட இருந்து சுட்டால் குண்டு கிடைமட்டமாக வந்து பக்கவாட்டுப் பட்டையில் மோதும். எட்ட இருந்து சுட்டால் மேலே போய்ச் செங்குத்தாக இறங்கி மேல்தளத்தைத் தாக்கும். ரொம்பக் கிட்டப் போனால் பட்டை தாங்காது. ரொம்ப எட்டப் போனால் தளம் தாங்காது. இரண்டுக்கும் நடுவே, இரண்டுமே தாங்கும் ஒரு தூர இடைவெளி உண்டு. அதைப் பாதுகாப்பு வலயம் என்று வைத்துக்கொள்வோம். பட்டையைத் தடித்தால் வலயத்தின் கிட்ட எல்லை நகரும். தளத்தைத் தடித்தால் எட்ட எல்லை நகரும். தளம் அகலமான பரப்பு, உயரத்திலும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு சென்டிமீட்டரும் பெருஞ்செலவு.

பழைய கப்பல்களில் முக்கியமான இடத்துக்குத் தடித்த தகடும் மற்ற இடங்களுக்கு நடுத்தரத் தகடும் போட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கவசம் துளைக்கும் குண்டுக்கு, ஒரு தடையில் மோதிய பிறகு சற்றுத் தாமதித்து வெடிக்கும்படி திரி வைத்திருக்கும். நடுத்தரத் தகடு அந்தக் குண்டை நிறுத்தாது. திரியை மட்டும் கிளப்பிவிடும். குண்டு உள்ளே போய் வெடிக்கும். தகடே இல்லாவிட்டால், அது ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெடிக்காமலே போய்விடலாம்.

அமெரிக்காவின் நெவாடா இந்தத் தர்க்கத்தை முழுதாக ஏற்றது. 1916இல் பணிக்கு வந்த அந்தக் கப்பலில் பீரங்கி, வெடிமருந்து, இயந்திரம், கட்டுப்பாட்டு அறை, சுக்கான் இயக்கம் ஆகியவற்றுக்கு மிகத் தடித்த கவசம். மற்ற இடங்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முனைகள் கிழிந்து நீர் நிறைந்தாலும் நடுவில் உள்ள கவசப் பெட்டியே கப்பலை மிதக்க வைக்க வேண்டும் என்பது கணக்கு. எதை இழக்கத் தயார் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்ட முதல் பேட்டில்ஷிப் என்று இதைச் சொல்லலாம்.

1922 வாஷிங்டன் ஒப்பந்தம் புதுக் கப்பலுக்கு 35,000 டன், 16 அங்குலப் பீரங்கி என்று வரம்பு போட்டபோது கணக்கு இன்னும் இறுகியது. பிரிட்டனின் நெல்சன் வகையைப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும். பெரிய பீரங்கிக் கூண்டுகள் மூன்றும் முன்பக்கம். பின்பக்கம் ஒன்றுகூட இல்லை. கூண்டுகளையும் கிடங்குகளையும் நெருக்கி வைத்தால் கவசம் போட வேண்டிய நீளம் குறையும், தடிமனைக் கூட்டலாம். விட்டுக்கொடுத்தது வேகம்: 23 நாட் மட்டுமே.

இவ்வளவு கணக்குப் போட்டும் காலம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சவுத் டகோட்டாவின் கவசம் பழைய 16 அங்குலக் குண்டை மனதில் வைத்து அமைந்தது. பிறகு அமெரிக்காவே 1,225 கிலோ எடையுள்ள புதுக் குண்டைக் கொண்டுவந்தது. தன் குண்டைத் தானே தாங்கும் வலயம் வெகுவாகச் சுருங்கிப்போனது.

பட்டை துளைபடாமலே தோற்றவை

இப்போது சுக்கானுக்கு வருவோம்.

ஜெர்மனியின் பிஸ்மார்க் 1941 மே 24 அன்று பிரிட்டனின் ஹூட் கப்பலை வெடிக்க வைத்து மூழ்கடித்தது. 1,415 பேர் இறந்தார்கள், மூன்று பேர் பிழைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, துணி போர்த்திய இரட்டை இறக்கை கொண்ட பிரிட்டனின் ஸ்வார்டுஃபிஷ் விமானம் ஒன்று போட்ட டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் ஆயுதம்) பிஸ்மார்க்கின் பின்முனையில் வெடித்தது. சுக்கான் ஒரு பக்கமாகத் திரும்பி இறுகிக்கொண்டது. 320 மில்லிமீட்டர் பக்கக் கவசம் அப்படியே இருந்தது, பீரங்கிகளும் இருந்தன. ஆனால் கப்பலால் நேராகப் போக முடியவில்லை. மறுநாள் காலை பிரிட்டிஷ் பேட்டில்ஷிப்கள் வந்து சேர்ந்தன. 2,000க்கும் மேற்பட்டோர் பிஸ்மார்க்கோடு போனார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று மலாயா கடலில் பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் கப்பல்கள் இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை முதலில் முடக்கியது, இடப்பக்கப் புரொப்பெல்லர் தண்டுக்கு அருகே விழுந்த அடி. வளைந்த தண்டு சுழன்றுகொண்டே தன் அடைப்புகளைக் கிழித்தது, அந்த வழியே நீர் உள்ளே ஏறியது, மின்சாரம் போனது, பம்புகளும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் செயலிழந்தன. புரொப்பெல்லர் தண்டு கப்பலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தே ஆக வேண்டும். அந்த ஓட்டைக்குக் கவசத்தால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

மூன்றாவது சம்பவத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 1942 நவம்பர் 14 இரவு, பசிபிக் தீவான குவாடல்கனாலுக்கு அருகே ஜப்பானோடு நடந்த சண்டையில், சவுத் டகோட்டாவில் முதலில் மின்சாரம் போனது. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள் மேற்கட்டுமானத்தில் விழுந்தன. கப்பல் மூழ்கும் ஆபத்தில் இல்லை. கவசப் பெட்டிக்குள் எல்லாம் பத்திரம். ஆனால் ரேடார்களும் தொடர்புக் கருவிகளும் குறிபார்க்கும் கருவிகளும் சிதைந்துபோனதால் சண்டையிலிருந்து விலக வேண்டியதாயிற்று. கூட வந்த வாஷிங்டன் என்ற பேட்டில்ஷிப், பழுதில்லாத ரேடாரோடு ஜப்பானின் கிரிஷிமா கப்பலை அடித்து வீழ்த்தியது.

முடித்துவைத்தது தூரம்

யமாட்டோதான் இந்த வரிசையின் எல்லை. முழுச் சுமையோடு சுமார் 72,000 டன். ஒன்பது 46 சென்டிமீட்டர் பீரங்கிகள். 1,460 கிலோ குண்டு, சுமார் 42 கிலோமீட்டர் எட்டும். பட்டை 410 மில்லிமீட்டர், கூண்டின் முகம் 650. 1945 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க விமானங்கள் இரண்டு மணி நேரத்தில் அதை மூழ்கடித்தன. பெரும்பாலான டார்பிடோக்கள் வேண்டுமென்றே ஒரே பக்கத்தில் போடப்பட்டன. சுமார் 3,000 பேர் இறந்தார்கள். அமெரிக்கா இழந்தது 10 விமானங்கள்.

விமானத்தால் மூழ்கடிக்க முடிந்ததால்தான் பேட்டில்ஷிப் ஒழிந்தது என்று பலரும் சுருக்கிச் சொல்கிறார்கள். அது போதாது. விமானந்தாங்கியை மூழ்கடிப்பது அதைவிட எளிது. 1942 ஜூனில் மிட்வேயில் ஜப்பான் நான்கை இழந்தது. ஆனாலும் எல்லா நாடுகளும் விமானந்தாங்கியையே மேலும் மேலும் கட்டின. காரணம் எட்டும் தூரம். பீரங்கி 40 கிலோமீட்டர் எட்டினால், விமானம் 300 கிலோமீட்டரைத் தாண்டிப் போய் அடித்துவிட்டுத் திரும்பும். எதிரியைத் தொடவே முடியாத கப்பலுக்கு எவ்வளவு கவசம் போட்டாலும் அது அடி வாங்கும் கருவி மட்டுமே.

பிரிட்டனின் வான்கார்டு 1946இல் பணிக்கு வந்து 1960இல் உடைப்பதற்கு அனுப்பப்பட்டது. ஐயோவா வகையை அமெரிக்கா 1980களில் மீண்டும் எடுத்து டோமஹாக் ஏவுகணை பொருத்தியது. மிசூரியும் விஸ்கான்சினும் 1991 வளைகுடாப் போரில் சுட்டன. மிசூரி 1992இல் ஓய்வு பெற்றது. நான்கும் இன்று அருங்காட்சியகங்கள்.

இன்றைய ஏவுகணை துளைக்குமா?

சரி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். எக்சோசெட் போன்ற கப்பல் எதிர்ப்பு ஏவுகணையின் வெடிமுனை சுமார் 165 கிலோ. கவசமில்லாத கப்பல்களுக்காகச் செய்தது அது. ஒரு அடி தடித்த கடின எஃகுப் பட்டையை அது துளைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே "துளைக்காது" என்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. கவசத்தைத் துளைக்கும் ஆயுதம் தேவை என்றால் செய்துகொள்ளலாம். 1943 செப்டம்பர் 9 அன்றே, ரேடியோவால் வழிநடத்திய ஜெர்மனியின் ஃபிரிட்ஸ்-எக்ஸ் குண்டுகள் இரண்டு இத்தாலியின் ரோமா பேட்டில்ஷிப்பை மூழ்கடித்தன. முதல் குண்டு கப்பலை மேலிருந்து கீழ்வரை ஊடுருவி அடியில் வெடித்தது. இரண்டாவது முன் வெடிமருந்துக் கிடங்கைக் கிளப்பிவிட்டது.

2. இன்றைய கனரக டார்பிடோ பக்கத்தில் மோதுவதில்லை. கப்பலின் அடியில் வெடித்து முதுகெலும்பை முறிக்கிறது. பக்கவாட்டுப் பட்டைக்கு அங்கே வேலையே இல்லை.

3. சவுத் டகோட்டாவுக்கு நேர்ந்தது. இன்றைய கப்பல் சண்டையிடுவதே ரேடாரை நம்பித்தான். பீரங்கியையும் வெடிமருந்தையும் எஃகுப் பெட்டிக்குள் பூட்டி வைக்கலாம். ரேடார் அலையோ எஃகை ஊடுருவாது. அதனால் ஆன்டெனாவை வெளியேதான் வைக்க வேண்டும், தூரம் தெரிய வேண்டும் என்பதால் உயரத்தில் வைக்க வேண்டும்.

அதனால்தான் இன்று எடையையும் பணத்தையும் ஏவுகணையை வழியிலேயே வீழ்த்தும் ஏவுகணைகளுக்கும், ஏமாற்றுப் பொறிகளுக்கும், நீர்புகா அறைகளுக்கும், தீயணைப்புக்கும் கொடுக்கிறார்கள். சில கப்பல்களில் வெடிமருந்து அறையைச் சுற்றியும் கட்டுப்பாட்டு அறையைச் சுற்றியும் எஃகோ கெவ்லர் என்ற வலுவான செயற்கை இழையோ கொண்டு மெல்லிய கவசம் இன்னும் உண்டு. சிதறும் துண்டுகளை நிறுத்த அது போதும். நேரடி அடியை நிறுத்த வேண்டும் என்று யாரும் அதனிடம் கேட்பதில்லை.